வருசத்துக்கு நாலு தடவை டான்சில்: ஜிகர்தண்டாவா காரணம்?

தெற்குமாசிக்காரன் · ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். மகளுக்கு எட்டு வயசு, மூணாம் வகுப்பு. போன ஆடிக்கும் இந்த ஆடிக்கும் நடுவுல நாலு தடவை டான்சில் வந்துருச்சு. இந்தத் தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துலருந்து வந்ததுமே பையைப் போட்டுட்டுப் படுத்துருச்சு. காய்ச்சல் 102. எச்சில் முழுங்கக்கூட முகத்தைச் சுளிக்குது. காதும் வலிக்குதாம். செல்போன் லைட் அடிச்சுப் பார்த்தேன். உள்நாக்குக்கு ரெண்டு பக்கமும் இலந்தைப்பழம் கணக்கா செவந்து வீங்கி, மேல தயிரைத் தெளிச்சாப்ல வெள்ளை வெள்ளையா இருக்கு. தாடைக்குக் கீழ நெறி கட்டிருக்கு, தொட விட மாட்டேங்குது.

போன ஞாயித்துக்கிழமை கீழவாசல் பக்கம் கூட்டிட்டுப் போயி ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தேன். அது போதும் எங்க அம்மாவுக்கு. "ஐஸைக் குடுத்துப் பிள்ளையைக் கெடுத்துட்டான்"னு தெருவுக்கே சொல்லியாச்சு. வீட்டுக்காரியும் பேசுறதில்லை. ஆனா அதே டம்ளர்ல குடிச்ச சின்னவன், ரெண்டரை வயசு, கல்லு மாதிரி ஓடிட்டுத் திரியிறான்.

முன்னாடி வந்த மூணு தடவையும் மருந்துக்கடையில மூணு நாள் மருந்து வாங்கிக் குடுத்தோம், சரியாயிருச்சு. இப்ப ஒருத்தர் ஆபரேசன் பண்ணி எடுத்துரலாம்னு சொல்றாரு. எடுக்கிறதா வேணாமாங்கிறது பொறவு. முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். இது எதனால வருது? ஏன் திரும்பத் திரும்ப வருது?

செல்லூர்த் தறி · ஞாயிறு, இரவு 10:31

அண்ணே, மதுரையில உக்காந்துக்கிட்டு ஜிகர்தண்டா மேல கேஸ் போடுறீங்க, ஊரைவிட்டுத் தள்ளி வச்சிருவாங்க பாத்துக்கங்க. பாதாம் பிசினும் நன்னாரியும் குளிர்ச்சிதான். ஆனா குளிர்ச்சிக்கே தொண்டை வீங்கும்னா கீழவாசல்ல பாதிப் பேரு பேச்சில்லாமத்தான் திரியணும்.

கொடிக்கால் சோழவந்தான் · ஞாயிறு, இரவு 11:05

இது உள்நாக்கு வளர்ற கோளாறு. எங்க ஊர்ல ஒரு பாட்டி இருந்தாங்க. கட்டைவிரல்ல உப்பும் மிளகுத்தூளும் தொட்டு உள்ள விட்டு ஒரு அமுக்கு. சீழும் ரத்தமுமா வந்துரும், மறுநாள் பிள்ளை இட்லி திங்கும். கழுத்துக்கு வெளியில சுண்ணாம்பு தடவணும். ராத்திரி மஞ்சள் போட்ட பால். ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தியைத்தான் எடுப்பாங்க.

தொண்டைக்குழி · திங்கள், காலை 6:20

காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்காத பிள்ளைக்கு மருந்து பேர் சொல்ல மாட்டேன். ஏன் வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் கொடிக்கால் அண்ணனுக்கு. உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. உள்நாக்கு என்பது நடுவில் மணி நாக்கு மாதிரித் தொங்குவது. டான்சில் அதற்கு இரண்டு பக்கமும் தூண் மறைவில் உட்கார்ந்திருக்கும் சதை. உங்கள் பாட்டி அமுக்கியது டான்சிலைத்தான். குழிக்குள் இருந்த சீழ் வெளியே வந்ததும் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும். ஆனால் வீங்கிய சதையில் நகம் பட்டால் ரத்தம் நிற்காமல் போகலாம், வலியில் பிள்ளை திமிறும்போது சீழோ ரத்தமோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும். மஞ்சள் பாலும் உப்புப் போட்ட வெந்நீரும் தாராளமாகக் கொடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

டான்சில் என்பது காவல் வாசல். நம் ஊரில் கீழவாசல், தெற்குவாசல் என்று பேர் இருக்கிறது இல்லையா, அந்த மாதிரி. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு, இரண்டு பக்கமும் டான்சில், நாக்கின் அடியில் இன்னொரு திட்டு என்று காற்றும் சோறும் உள்ளே நுழையும் இடத்தைச் சுற்றி ஒரு வளையமே இருக்கிறது. 1884இல் வால்டேயர் என்ற ஜெர்மன் உடற்கூறு அறிஞர் இதை விவரித்ததால் வால்டேயர் வளையம் என்று பேர்.

இந்தக் காவலில் ஒரு விசித்திரம் உண்டு. வருகிற கிருமியை வெளியிலேயே நிறுத்தாது, உள்ளே விட்டுப் பிடிக்கும். டான்சில் மேல்பரப்பில் பத்திருபது குழிகள் இருக்கும். பணியாரக் கல் குழி மாதிரி மொழுக்கென்று நினைக்காதீர்கள். எறும்புப் புற்று மாதிரி உள்ளே போகப்போகக் கிளை பிரியும். அந்தக் குழியின் உள்தோல் மெலிசு, இடையிடையே ஓட்டை. போகிற வருகிற கிருமியை அதன் வழியாக உள்ளே இழுத்து, பின்னால் காத்திருக்கும் வெள்ளணுக்களிடம் அடையாளம் காட்டும். அவை அதற்கேற்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். பிள்ளைப் பருவத்தில் இந்த வேலை அதிகம், அதனால் டான்சிலும் பெரிசாக இருக்கும். பருவம் வந்த பிறகு மெல்லச் சுருங்கிவிடும். கோட்டையை இடித்த பிறகும் வாசலுக்குப் பேர் மட்டும் நிற்கிற மாதிரி.

ஆக, குழி வைத்துக் கிருமியைப் பிடிக்கிற இடத்தில் சில நாள் கிருமி ஜெயிக்கும். அன்றைக்கு வருவதுதான் இந்த அழற்சி. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பு. நீர் கசிகிறது, அதனால் வீக்கம். வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சண்டையிட்டுச் செத்து, உதிர்ந்த தோலோடும் கிருமியோடும் சேர்ந்து குழி வாயில் பிதுங்குகின்றன. நீங்கள் பார்த்த தயிர்த் துளி அதுதான். அங்கே சுரக்கும் ரசாயனங்கள் நரம்பு முனையைக் கூராக்கிவிடுவதால் எச்சில்கூட முள்ளாகக் குத்துகிறது. அதே செய்தி ரத்தத்தில் மூளைக்குப் போய் உடல் சூட்டை ஏற்றிவைக்கிறது. பாராசிட்டமால் அந்தச் சூட்டை இறக்கும், கிருமியைத் தொடாது. நெறி என்பது டான்சிலிலிருந்து வடிகிற நிணநீர் போய்ச் சேரும் அடுத்த காவல் நிலையம். காது வலிப்பதால் காதில் சீழ் என்று பயப்படாதீர்கள். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பு போகிறது, மூளை சில நேரம் விலாசத்தைத் தப்பாகப் படிக்கும்.

இனி யார் அந்தக் கிருமி? பெரும்பாலும் வைரஸ். சளிக்காய்ச்சல் கொடுக்கும் வைரஸ்கள், அடினோ வைரஸ், ஃப்ளூ, இப்படி ஒரு கூட்டம். மூக்கொழுகல், இருமல், கண் சிவப்பு, குரல் கம்மல் கூடவே வந்தால் அநேகமாக இந்தக் கூட்டம்தான். ஆன்டிபயாடிக்கால் இதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பாக்டீரியாவில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஏ பிரிவு. தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு இது. பெரியவர்களில் அதைவிடக் குறைவு. ஐந்திலிருந்து பதினைந்து வயது வரைதான் இதன் ராஜ்யம். மூன்று வயதுக்குக் கீழே அபூர்வம். உங்கள் சின்னவன் ஓடித் திரிவதற்கு அதுவே பாதிப் பதில்.

ஜிகர்தண்டா விசயம். ஸ்ட்ரெப் உடம்பில் நுழைந்து இரண்டிலிருந்து ஐந்து நாளில் காய்ச்சல் வரும். வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் வருகிறது, திங்கள், செவ்வாய், புதன் வகுப்பறையும் வருகிறது. ஐஸ் கிருமியை உண்டாக்காது. டான்சில் எடுத்த பிள்ளைக்கு நாங்களே ஐஸ்கிரீம் கொடுக்கிறோம். கிருமி வருவது இன்னொரு மனிதத் தொண்டையிலிருந்து. தும்மல், இருமல், ஒரே பெஞ்சில் முகத்தோடு முகம் வைத்துப் பேசுவது, ஒரே தண்ணீர் பாட்டில். ஒரே அண்டாத் தண்ணீரில் முக்கி எடுத்த டம்ளரும் அந்த வரிசையில் சேரும் என்பதால் உங்கள் அம்மாவுக்கு அரை மார்க் கொடுக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் வழிந்து, வாயில் சூடான கவளம் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல் மாறினால் டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டுகிறது என்று பொருள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலும் சரி, ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தெற்குமாசிக்காரன் · திங்கள், காலை 9:02

டாக்டர், அரை மார்க் விசயத்தை அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். மீதி எதையும் கேக்கலை, அரை மார்க்கை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க.

வாய் நல்லா திறக்குது, மூச்சும் சரியா இருக்கு. இந்தத் தடவை சளி இருமல் எதுவும் இல்லை. முந்தின மூணுல ரெண்டு தடவை மூக்கு ஒழுகிட்டுத்தான் வந்துச்சு. ஒண்ணு இப்ப மாதிரியே. வெள்ளையா இருந்தா பாக்டீரியான்னு சொல்றாங்களே, அப்படின்னா இது அதுதானா?

ரத்தத்தட்டு · திங்கள், பகல் 1:48

வெள்ளையா இருந்தா பாக்டீரியான்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. அடினோ வைரஸும் வெள்ளை காட்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸ்னு ஒண்ணு இருக்கு, அது டான்சிலையே வெள்ளைப் போர்வை போட்டு மூடிரும். கழுத்து முழுக்க நெறி, வாரக்கணக்குல அசதி, மண்ணீரல் வீக்கம், எல்லாம் வரும். அந்த வைரஸ் உக்கார்ற இடமே எதிர்ப்பொருள் தயாரிக்கிற வெள்ளணுக்குள்ள. அது தெரியாம அமாக்சிசிலின் குடுத்தா பல பேருக்கு உடம்பு முழுக்கச் செவப்புத் தடிப்பு வந்துரும். பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கலைன்னு வாழ்நாள் பூரா எழுதி வச்சிருவாங்க.

நான் லேப்ல நுண்ணுயிர்ப் பிரிவு. எங்க வேலையைக் கொஞ்சம் சொல்றேன், அப்பத்தான் ஏன் பரிசோதனைங்கிறது புரியும். தொண்டையில பஞ்சுக் குச்சி எடுக்கணும். நாக்குலயும் கன்னத்துலயும் படாம ரெண்டு டான்சிலையும் பின்சுவரையும் அழுத்தித் துடைக்கணும். பிள்ளை குமட்டினாத்தான் சரியா எடுத்திருக்குன்னு அர்த்தம். அதை ஆட்டு ரத்தம் கலந்த தட்டுல கோடு போட்டு 37 டிகிரியில ஒரு ராத்திரி வைப்போம். காலையில தட்டைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்தா, செக்கச்செவேல்னு இருந்த தட்டுல ஊசி முனையளவு வெள்ளைப் பொட்டு. ஒவ்வொரு பொட்டையும் சுத்தி, பொட்டைவிடப் பெரிசா ஒரு வட்டம், கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும். அந்த வட்டத்துல இருந்த சிவப்பணு மொத்தத்தையும் அந்தப் பொட்டு ஒடைச்சுத் தின்னுருச்சு. பத்து வருசமாப் பாக்குறேன், இன்னும் அந்த வட்டத்தைப் பாக்கிறப்ப ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இது ஒரு பிள்ளையோட தொண்டைக்குள்ள நடந்துட்டிருக்குல்ல.

ஒடைக்கிறது ஸ்ட்ரெப்டோலைசின்ங்கிற நஞ்சு. அது மட்டும் இல்லை. இந்தக் கிருமி ஹயாலுரானிக் அமிலத்துல ஒரு சட்டை போட்டுக்கிரும். நம்ம உடம்பு சதையிலயும் அதே பொருள்தான் இருக்கு. காக்கிச் சட்டை போட்ட திருடனைக் காவல்காரன் எப்படிப் பிடிப்பான்? சட்டைக்கு வெளியில எம் புரதம்னு ரோமம் ரோமமா நீட்டிட்டு நிக்கும். வெள்ளணு விழுங்க வந்தா அது விழுங்க விடாது. அந்த எம் புரதத்துல 200 வகைக்கு மேல இருக்கு. ஒரு வகைக்கு உடம்பு எதிர்ப்பு கத்துக்கிட்டா அடுத்த தடவை வேற வகை வரும். திரும்பத் திரும்ப ஏன் வருதுன்னு கேட்டீங்கள்ல, ஒரு காரணம் இது. இதுக்கு இன்னும் தடுப்பூசி வராததுக்கும் இது ஒரு காரணம்.

மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பஞ்சுக்குச்சி எடுங்க. ஒரு நாள் மாத்திரை உள்ள போனாலே எங்க தட்டுல ஒண்ணும் முளைக்காது. இன்னொண்ணு, அந்த ஸ்ட்ரெப்டோலைசினுக்கு எதிரா உடம்பு தயாரிச்ச எதிர்ப்பொருளை அளக்குற ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை பாத்துட்டு வந்து "400 இருக்கு, பிள்ளைக்கு இப்பக் கிருமி இருக்கு"ன்னு அழுகிறவங்க நிறைய. அது கிருமி வந்துட்டுப் போன பழைய தடம். ஏற ஒரு வாரமாகும், உச்சிக்குப் போக மூணு வாரத்துக்கு மேல ஆகும். இன்னைக்குத் தொண்டைக்குள்ள யாரு இருக்காங்கன்னு அது சொல்லாது.

பார்மசி பாண்டி · திங்கள், இரவு 8:15

எல்லாரும் சேர்ந்து மருந்துக்கடைக்காரனை வில்லனாக்குறீங்க. பஸ்ஸு ஏறிப் போயி, டாக்டர் பீஸு குடுத்து, லேப்புக்குக் குடுத்து, ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு நிக்க முடியுமா எல்லாருக்கும்? மூணு நாள் அசித்ரோமைசின், காய்ச்சல் நின்னுச்சா இல்லையா?

தொண்டைக்குழி · திங்கள், இரவு 9:40

பாண்டி, உங்களை வில்லன் என்று யாரும் சொல்லவில்லை. காசு இல்லாத பிரச்சினை உண்மை. ஆனால் "காய்ச்சல் நின்னுச்சா இல்லையா" என்ற கேள்வியில்தான் சிக்கல். எதுவும் கொடுக்காவிட்டாலும் வைரஸ் தொண்டை நாலைந்து நாளில் அடங்கும், ஸ்ட்ரெப் காய்ச்சல்கூட அநேகமாக ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். நின்றது மருந்தாலா, நாள் கணக்காலா என்று கடையிலிருந்து சொல்ல முடியாது.

ஏ பிரிவு ஸ்ட்ரெப் இன்றுவரை பென்சிலினுக்குப் பணிந்துதான் போகிறது. எத்தனையோ கிருமிகள் மருந்தைத் தின்று வளர்கிற காலத்தில் இது ஆச்சரியம். ஆனால் அசித்ரோமைசினுக்கு அடங்காத ஸ்ட்ரெப் உண்டு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு என்று வைத்திருக்கும் மருந்தை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தால் அதுவும் பாழ். பென்சிலினோ அமாக்சிசிலினோ, ஸ்ட்ரெப் என்றால் பத்து நாள். காய்ச்சலுக்காக இல்லை, தொண்டையிலிருந்து கிருமியைத் துடைத்தெடுக்க. கிருமி குழிக்குள் பிசின் மாதிரிப் படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும், சில சமயம் நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மூன்று நாளில் நிறுத்தினால் மேலே இருப்பது சாகும், அடியில் இருப்பது பிழைக்கும்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் தொண்டையில் ஸ்ட்ரெப் ஒன்றும் செய்யாமல் சும்மா குடியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு வைரஸ் சளி பிடித்த நாளில் பஞ்சுக்குச்சி எடுத்தால் ஸ்ட்ரெப் என்று வரும். அதனால்தான் மூக்கொழுகும் பிள்ளைக்குப் பரிசோதனையே வேண்டாம் என்கிறோம். காய்ச்சல், வெள்ளை, வலிக்கிற நெறி, இருமல் இல்லாமை, வயது. இந்தக் கணக்கு எல்லாம் பொருந்தினாலும் ஸ்ட்ரெப்பாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். தெற்குமாசி அண்ணே, உங்கள் பிள்ளைக்கு எல்லாம் பொருந்துகிறது. நாளைக்குக் கூட்டிப்போய்ப் பஞ்சுக்குச்சி எடுங்கள்.

உசிலங்காத்து · திங்கள், இரவு 11:52

இங்க படிக்கிறதோட சரி, எழுதுறதில்லை. "காய்ச்சல் நின்னுச்சா இல்லையா"ங்கிறதைப் பாத்துட்டுத் தூக்கம் வரலை.

எனக்கு அப்ப பதினோரு வயசு. உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். தொண்டை வலி வந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு, நாலு நாள்ல போயிருச்சு. ஊசிகூடப் போடலை. நானும் கிட்டி விளையாடப் போயிட்டேன். இருபது நாளு கழிச்சு வலது முட்டி வீங்கி நெருப்பாக் கொதிச்சுச்சு. ரெண்டு நாள்ல அது வடிஞ்சு இடது முட்டி. அப்புறம் கணுக்கால். வீக்கம் வீடு மாறிட்டே இருந்துச்சு. விளையாட்டுல அடிபட்டிருக்கும்னு எண்ணெய் தடவி உருவி விட்டாங்க. அதுவும் போயிருச்சு. எல்லாமே போயிருச்சுன்னுதான் நினைச்சோம்.

பத்தொன்பது வயசுல கரும்பு வெட்டப் போன எடத்துல மூச்சு வாங்கி உக்காந்துட்டேன். மதுரை பெரியாஸ்பத்திரியில நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்ட டாக்டர், "சின்ன வயசுல முட்டி வீங்குச்சா?"ன்னுதான் முதல்ல கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. நெஞ்சைக் கேட்டுட்டு முட்டியைப் பத்தி ஏன் கேக்குறாருன்னு. இதயத்துல மைட்ரல் வால்வு தடிச்சு ஒட்டிப் போயிருந்துச்சு. தொடையில குழாய் விட்டுப் பலூன் வச்சு விரிச்சாங்க.

அன்னையிலருந்து 21 நாளைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. அந்த ஊசி போட்டவங்களுக்குத் தெரியும். பொடியில தண்ணி விட்டுக் குலுக்கினா பால் மாதிரி வரும். மெல்லிசு ஊசியில போகாது, மொத்த ஊசிதான். நர்ஸம்மா கொஞ்சம் தாமதிச்சா ஊசிக்குள்ளயே அடைச்சுக்கிரும், மறுபடி குத்தணும். ஒரு தடவை வலது பக்கம், அடுத்த தடவை இடது பக்கம். அன்னைக்கு ராத்திரி ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். தீபாவளி, பொங்கல், எம் பொண்ணோட காதுகுத்து எல்லாத்துக்கும் நாள் குறிக்கிறப்ப முதல்ல ஊசி நாளைத்தான் பாப்பேன்.

ஒரு தொண்டை வலி. நாலு நாள்ல நின்ன காய்ச்சல்.

பார்மசி பாண்டி · செவ்வாய், காலை 7:30

அண்ணே, நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன்.

செல்லூர்த் தறி · செவ்வாய், காலை 8:11

தொண்டையில வந்தது முட்டிக்கு எப்படிப் போச்சு? முட்டியிலருந்து இதயத்துக்கு எப்படிப் போச்சு? ரத்தத்துல கிருமி நடந்து போயிருச்சா?

தொண்டைக்குழி · செவ்வாய், பகல் 2:25

உசிலங்காத்து அண்ணே, எழுதியதற்கு நன்றி.

தறி கேட்டது சரியான கேள்வி. கிருமி இதயத்துக்குப் போவதில்லை. அண்ணனுக்கு வந்ததற்கு வாதக் காய்ச்சல் என்று பேர். அது வந்தவரின் மூட்டில் ஊசி வைத்து நீர் எடுத்தால் அதில் ஸ்ட்ரெப் இருக்காது. போவது நம் எதிர்ப்பொருள்தான். எம் புரதமும் கிருமியின் மேலிருக்கும் சர்க்கரைப் பொருளும் நம் இதயத் தசையிலும் வால்விலும் இருக்கும் சில பொருள்களை அச்சில் வார்த்த மாதிரி ஒத்திருக்கின்றன. கிருமியைக் கொல்லத் தயாரித்த எதிர்ப்பொருளும் வெள்ளணுக்களும் முகச்சாயலைப் பார்த்து வீட்டுக்காரனையே அடிக்கின்றன. படை திரள இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால்தான் தொண்டை ஆறி மறந்த பிறகு முட்டி வீங்குகிறது. மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவப் படிப்பில் ஒரு சொலவடை உண்டு. மூட்டு வடுவில்லாமல் ஆறிவிடும், வால்வு ஆறாது. ஒவ்வொரு புது ஸ்ட்ரெப் தொண்டையும் வால்வை இன்னும் கெடுக்கும் என்பதால்தான் அந்த 21 நாள் ஊசி.

பயந்துவிட வேண்டாம். சிகிச்சை இல்லாமல் விட்ட ஸ்ட்ரெப் தொண்டையிலும் இது வருவது நூற்றுக்கு மூன்று பேருக்குள்தான். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் ஆரம்பித்தாலே தடுத்துவிடலாம். அதனால் ஒரு நாள் பஞ்சுக்குச்சிக்காகக் காத்திருப்பதில் தவறே இல்லை.

சிறுநீரகத்தில் கதை வேறு. அங்கே கிருமிப் பொருளும் எதிர்ப்பொருளும் சேர்ந்த கட்டிகள் வடிகட்டியில் போய் அடைக்கின்றன. தொண்டை ஆறி ஒன்றிரண்டு வாரத்தில் காலையில் முகம் அதைத்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். இதைப் பென்சிலின் உறுதியாகத் தடுப்பதில்லை. ஆனால் பிள்ளைகளில் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும்.

மேலூர் நர்ஸம்மா · செவ்வாய், மாலை 6:03

கிராம சுகாதாரச் செவிலியரா இருந்து ஓய்வு பெத்தவ நான். வெள்ளை வெள்ளைன்னு எல்லாரும் பேசுறீங்க, சாம்பலைப் பத்தி யாரும் சொல்லலை. தொண்டை அடைப்பான். அது புள்ளி புள்ளியா இருக்காது. சாம்பல் நிறத்துல தோலு மாதிரி டான்சிலைத் தாண்டி உள்நாக்கு வரைக்கும் படரும். துடைச்சா வராது, உரிச்சா ரத்தம் வரும். கழுத்து மாட்டுக்கழுத்தா வீங்கும். காய்ச்சல்கூட பெருசா இருக்காது, ஆனா பிள்ளை துவண்டு கெடக்கும். அந்தக் கிருமி தொண்டையோட நிக்கும், அதோட நஞ்சுதான் ரத்தத்துல போயி இதயத்தையும் நரம்பையும் கெடுக்கும். அந்த மாதிரி பிள்ளையை நான் ஒருக்காத்தான் பாத்திருக்கேன், அந்த மூச்சுச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

குழந்தையில போடுற அஞ்சு நோய்த் தடுப்பூசியிலயும் அப்புறம் வர்ற பூஸ்டர்லயும் இதுக்கு மருந்து இருக்கு. பத்து வயசுலயும் பதினாறு வயசுலயும் போடுற டி.டி. ஊசி வெறும் அடிபட்டதுக்குன்னு நினைச்சு விட்டுர்றாங்க. இப்பப் போடுற ஊசியில தொண்டை அடைப்பானுக்கும் சேத்துத்தான் இருக்கு. தெற்குமாசித் தம்பி, பாப்பாவோட ஊசி அட்டையை எடுத்து ஒருக்கா பாருங்க.

வாடிவாசல் வீரன் · செவ்வாய், இரவு 10:20

ஆபரேசனைப் பத்தி யாரும் பேசலையே. எனக்கு முப்பது வயசுல எடுத்தாங்க. வருசம் ஏழெட்டுத் தடவை படுத்தேன், வாயிலருந்து சின்னச் சின்ன வெள்ளைக் கல்லு வேற வரும், நசுக்கினா நாறும். எடுத்த பிறகு தொண்டை வெள்ளையாத் தெரிஞ்சதும் சீழுன்னு பயந்துட்டேன். அது ஆறுற பொருக்குன்னு சொன்னாங்க. ஏழாம் நாள் முறுக்கு கடிச்சேன், ரத்தம் வந்து ராத்திரியோட ராத்திரியா ஓடினேன். முறுக்கு மேல தப்பில்லை, அந்த வாரம் பொருக்கு உதிர்ற வாரமாம். இப்ப ஆறு வருசமா நிம்மதி.

தொண்டைக்குழி · புதன், காலை 6:45

அந்தக் கல் குழிக்குள் தேங்கிய உணவுத்துணுக்கும் உதிர்ந்த தோலும் கிருமியும் சுண்ணாம்பேறி இறுகியது. நாற்றம் உள்ளிருக்கும் கிருமி விடும் கந்தகவாயு.

எடுப்பதற்குப் பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு வருசத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருசம் தொடர்ந்து ஐந்தைந்து, அல்லது மூன்று வருசம் தொடர்ந்து மும்மூன்று. அதுவும் காய்ச்சல், நெறி, வெள்ளை, பரிசோதனை என்று ஏதாவது எழுத்தில் இருக்க வேண்டும். இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அது தனிக் காரணம். தெற்குமாசி அண்ணன் பிள்ளைக்கு நாலு, அதில் இரண்டு சளியோடு வந்தது. இப்போதைக்கு ஒரு நோட்டுப் போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள், கத்தி ஓடிவிடாது.

தெற்குமாசிக்காரன் · வியாழன், இரவு 9:15

செவ்வாய்க்கிழமை பஞ்சுக்குச்சி எடுத்தாச்சு. குமட்டினதுல எஞ்சட்டை போச்சு, சரியா எடுத்திருக்காங்கன்னு சந்தோசப்பட்டுக்கிட்டேன். ஸ்ட்ரெப்தான். அமாக்சிசிலின் சிரப், பத்து நாள் எழுதிக் குடுத்திருக்காங்க. ரெண்டு வேளை குடிச்சதுமே காய்ச்சல் இறங்கிருச்சு. ஊசி அட்டையும் பாத்தேன் நர்ஸம்மா, எல்லாம் போட்டிருக்கு. சனிக்கிழமை பள்ளிக்கூடம் வச்சா அனுப்பலாமா?

தொண்டைக்குழி · வியாழன், இரவு 9:50

மருந்து ஆரம்பித்து ஒரு நாள் முழுசாகத் தாண்டி, காய்ச்சலும் இல்லையென்றால் அனுப்பலாம். தண்ணீர் பாட்டில் தனியாக.

பார்மசி பாண்டி · வெள்ளி, காலை 10:05

தெற்குமாசி அண்ணே, ஒரு கடைக்காரனாச் சொல்றேன். உங்க சீட்டுல வேளைக்கு 5 மில்லி, ரெண்டு வேளைன்னு இருந்தா, 30 மில்லி பாட்டில் மூணே நாள்ல காலி. எங்க கடையில பாதிப் பேரு பாட்டில் தீந்தா கோர்ஸ் தீந்துச்சுன்னுதான் நினைக்கிறாங்க. நானும் இத்தனை வருசமா ஒரு பாட்டிலைத்தான் எடுத்துக் குடுத்திருக்கேன், "இன்னும் வேணும்"னு சொன்னதில்லை. பொடியில தண்ணி கலக்கினா அது எத்தனை நாளைக்குத் தாங்கும்னு மேல போட்டிருக்கும், அதனால எல்லாப் பாட்டிலையும் ஒண்ணாக் கலக்கிராதீங்க. ஒண்ணு தீந்ததும் அடுத்தது. உங்க வீட்டுல எத்தனை பாட்டில் இருக்கு?

தெற்குமாசிக்காரன் · வெள்ளி, காலை 10:40

ஒண்ணு.

அடியில ஒரு விரக்கடைகூட இல்லை. கடைக்குத்தான் கிளம்புறேன்.

தெற்குமாசிக்காரன் · அடுத்த வெள்ளி, இரவு 8:30

ஒன்பதாம் நாள். நாலாவது பாட்டில். பிள்ளை தினத்தாள் காலண்டர்ல ஒவ்வொரு வேளைக்கும் பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு வருது, கோடு போடாம மருந்து குடிக்கிறதில்லை. இன்னும் ரெண்டு கோடு பாக்கி. ஞாயித்துக்கிழமை கீழவாசல் போறோம். எங்க அம்மா இந்த இழையைப் படிக்கிறதில்லை, யாரும் சொல்லிறாதீங்க.

செல்லூர்த் தறி · அடுத்த வெள்ளி, இரவு 8:34

டம்ளரை வீட்டுலருந்து கொண்டு போங்கண்ணே.